பிரித்தது புரட்சியா? மனித மனமா?

('டாக்டர் ஷிவாகோ' திரைக்காவியத்தில் காதலர்களைப் பிரித்தது புரட்சியா, மனித மனமா என்ற பட்டிமண்டபத்தில் 'மனித மனமே' என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! ரஷ்ய நாட்டுப் பனி முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்து இந்த மேடையிலே கொட்டிவிட்டுப் போயிருக்கிற எதிரணி அறிஞர் பெருமக்களே! என் அணித் தோழர்களே! அரங்கிலும், இல்லத்திலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பனியைப் பற்றிப் பேசினாங்க பாருங்க, முன் வரிசையிலே ரெண்டு பெரியவர்கள் துண்டை எடுத்துப் போர்த்திக்கிட்டாங்க. (சிரிப்பு) ஐயா, துண்டை எடுத்துடுங்க. அது ரஷ்யப் பனியே கிடையாது. டேவிட் லீன் அந்தப் படத்தை எடுத்து வெளியிட்டது 1965-இல். சோவியத் நாட்டிலே அந்தக் கதைக்கே தடை. அங்கே போய்ப் படம் எடுக்க முடியுமா? பெரும்பகுதியை ஸ்பெயின் நாட்டிலே எடுத்தாங்க. மாட்ரிட் நகரத்துக்குப் பக்கத்திலே மாஸ்கோ வீதியையே செட்டுப் போட்டாங்க. வெயில்லே கம்பளி உடுப்பு மாட்டிக்கிட்டு நடிச்சாங்க. வாரிகினோவிலே ஒரு பனி மாளிகை வருமே, நாற்காலி மேலே, மேசை மேலே, விளக்கு மேலே பனி உறைஞ்சு கிடக்குமே, அது மெழுகு! நியாயமாப் பார்த்தா மெழுகுதான் உருகணும். உருகினது நாம். (பலத்த சிரிப்பு)

இதை எதுக்குச் சொல்றேன்? தூரத்திலேயிருந்து பார்த்தா வானத்திலேயிருந்து தானா விழுந்த பனி மாதிரி இருக்கு. பக்கத்திலே போய்ப் பார்த்தா மனுஷன் கையாலே செஞ்சு வச்சது. நடுவர் அவர்களே, என் வாதம் மொத்தமும் இவ்வளவுதான். (கைதட்டல்)

எதிரணியினர் என்ன சொன்னார்கள்? "யூரி ஷிவாகோ நல்லவன், கவிஞன், மருத்துவன். லாரா நல்லவள். டோனியா உத்தமி. எல்லாரும் நல்லவர்கள். 1917-இலே ஒரு புரட்சி வந்தது, அதற்குப் பின்னாலே உள்நாட்டுப் போர் வந்தது, எல்லாரையும் வாரிக்கொண்டு போய்விட்டது." கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்க்க வேண்டாமா?

லாராவின் வாழ்க்கையை முதலில் கெடுத்தது யார்? கொமரோவ்ஸ்கி. வக்கீல். பெரிய இடத்துப் பழக்கம். லாராவின் தாய்க்குத் துணையாக அந்த வீட்டுக்குள்ளே வருகிறான். மகள் மேல் கண் வைக்கிறான். பள்ளிக்கூடம் போகிற பெண்ணை ஆசை காட்டி, பிறகு அச்சுறுத்தி, சீரழிக்கிறான். அவள் பொறுக்க முடியாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய், கிறிஸ்துமஸ் விருந்திலே அத்தனை பேர் நடுவிலே அவனைச் சுடுகிறாள். நடுவர் அவர்களே, தேதியைக் கவனியுங்கள். அன்றைக்கு ஆண்டது ஜார் மன்னன். புரட்சி இன்னும் வரவே இல்லை! வராத புரட்சியைக் கொண்டுவந்து கூண்டிலே நிறுத்தினால் எந்த நீதிபதி ஒத்துக்கொள்வார்? (கைதட்டல்)

அந்தக் கொமரோவ்ஸ்கி புரட்சிக்குப் பிறகு என்ன ஆனான்? அழிந்தானா? அதுதான் இல்லை. ஜார் காலத்திலே கோட்டுப் போட்டுக்கொண்டு செல்வாக்காக இருந்தான். புரட்சி வந்தது. அப்பவும் செல்வாக்காக இருந்தான்! தூரக் கிழக்கிலே அமைந்த ஓர் அரசிலே பதவி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். எந்த ஆட்சி வந்தாலும் முதல் ஆளாக மாலையோடு போய் நிற்பார்களே, அந்த ஜாதி. (சிரிப்பு) ஆட்சி மாறியது, கொடி மாறியது, காசிலே இருந்த தலை மாறியது. அவன் மனசு மட்டும் மாறவில்லை. அப்படியானால் லாராவுக்குப் பகை புரட்சியா, அந்த மனமா?

இரண்டாவதாக வருகிறேன். எதிரணித் தோழர் ஒருவர், "பாஷாவைப் புரட்சிதானே ஸ்ட்ரெல்னிகோவ் ஆக்கியது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பாஷா ஏழை மாணவன். துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு அலைகிறவன். வஞ்சகம் தெரியாதவன். ஒரு ராத்திரி மாஸ்கோ வீதியிலே ஊர்வலம் போகிறது. கையிலே கொடி, வாயிலே பாட்டு, ஆயுதம் கிடையாது. குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு அவர்கள் மேல் பாய்கிறது. டேவிட் லீன் அங்கே வெட்டுக் குத்தை நமக்கு அதிகம் காட்டவில்லை. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற யூரியின் முகத்தைக் காட்டுகிறார். அந்த முகத்திலே நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். பாஷாவின் முகத்திலே அன்றைக்கு ஒரு வெட்டுக் காயம் விழுகிறது.

ஆகவே, புரட்சி எதற்கு வந்தது என்று என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பசித்தவன் கேட்டான், ஆண்டவன் வெட்டினான், அதனால் வந்தது. போர்முனையிலிருந்து யூரி திரும்பி வந்து பார்க்கிறான். அவன் வளர்ந்த பெரிய வீட்டிலே குடும்பம் குடும்பமாக ஆட்களைக் குடிவைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வீட்டிலே பதின்மூன்று குடும்பம் இருக்க இடம் இருந்ததே என்று குத்திக் காட்டுகிறார்கள். யூரி என்ன சொல்கிறான்? இதுதான் நியாயம் என்று ஒப்புக்கொள்கிறான். வாடகைக்குக் குடியிருக்கிறவனுக்குத் தெரியும் அந்த நியாயம். (சிரிப்பு)

சரி, பாஷாவுக்கு வருவோம். திருமணத்திற்கு முன்னாலேயே லாரா தன் கதையை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். எவ்வளவு பெரிய மனம் அவளுக்கு! அவனும் மணந்துகொள்கிறான். ஆனால் வீட்டிலே இருந்தானா? போருக்குப் போனான். போனவன் பெயரை மாற்றிக்கொண்டு, கவச ரயிலிலே ஏறி, ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு போகிறான். தவறான ஊரைக் கொளுத்திவிட்டாயே என்று யூரி கேட்கிறபோது, அதனால் என்ன, பாடம் பாடம்தான் என்கிற தோரணையிலே பதில் சொல்கிறான். அவனுடைய மனைவி எங்கே இருந்தாள்? யூரியாட்டினிலே. அவன் ரயில் போகிற பாதைக்குப் பக்கத்து ஊர். ரயிலை நிறுத்தச் சொல்ல அவனுக்கு அதிகாரம் இல்லையா? மொத்த ரயிலும் அவனுடையதுதானே! 'நீ உன் பெண்டாட்டியைப் பார்க்கக் கூடாது' என்று மாஸ்கோவிலிருந்து தந்தி வந்ததா? இல்லை. தனி மனித வாழ்வு செத்துப்போய்விட்டது என்று அவனே தீர்ப்புச் சொன்னான், அவனே நிறைவேற்றினான்.

கடைசியிலே என்ன ஆனான்? கட்சி அவனைக் கைவிட்டது. பிடிபட்டபோது எங்கே இருந்தான்? லாரா இருந்த இடத்துக்குச் சில மைல் தூரத்திலே, அவளைத் தேடி நடந்து வந்துகொண்டிருந்தான். ஸ்ட்ரெல்னிகோவ் என்ற பெயருக்குப் பதில் சொல்லவில்லை. பழைய பெயரைத்தான் சொன்னான். ஆக, நடந்தே வந்திருக்கலாம் என்பது அவனுக்குக் கடைசியிலேதான் தெரிந்திருக்கிறது. ரயில் இருந்தபோது வரவில்லை. கால் மட்டும் மிஞ்சியபோது வருகிறான். (கைதட்டல்)

"சரி ஐயா, அதே புரட்சியிலே நல்லவன் யாராவது இருந்தானா?" இருந்தான். யூரியின் அண்ணன் எவ்கிராஃப். அவனும் புரட்சிக்காரன்தான். அவனும் அந்தச் சீருடைதான். குளிருக்கு எரிக்க வேலியிலே இருந்து கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறானே யூரி, அதைக் கண்ணாலே பார்த்தவன். சட்டப்படி சுட்டுவிடலாம். என்ன செய்தான்? பின்னாலேயே வீட்டுக்கு வந்தான், தம்பி என்று அணைத்துக்கொண்டான், ஊரை விட்டுத் தப்பிப் போகப் பத்திரம் வாங்கிக் கொடுத்தான். ஒரே புரட்சி, ஒரே கொடி. ஒருவன் கை ஊரைக் கொளுத்துகிறது. இன்னொருவன் கை பயணச் சீட்டு நீட்டுகிறது. கொடி ஒன்றாக இருந்தும் கை வேறாக இருந்தால், வித்தியாசம் எங்கே இருக்கிறது? கொடியிலா, மனத்திலா? நடுவர் ஐயா, குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, கதாநாயகனுக்கு வருகிறேன். ஒமார் ஷெரீஃப் கண்ணிலே நீர் ததும்ப நின்றால் எதிரணியினர் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறார்கள். எகிப்திலே பிறந்து ரஷ்யனாக நடித்து ஸ்பெயினிலே அழுதவர், நம்மையும் அழவைத்துவிட்டார். (சிரிப்பு) அழகு வேறு, வழக்கு வேறு.

யூரியும் லாராவும் முதலில் எங்கே அருகருகே வருகிறார்கள்? மாஸ்கோ ட்ராம் வண்டியிலே. தோள் உரசுகிறது. அவ்வளவுதான். இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். நாடு அமைதியாக இருந்த காலம், இரண்டு பேருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எப்போது சேர்ந்தார்கள்? போரிலே! காயம்பட்டவர்களுக்கு அவன் மருத்துவன், அவள் தாதி. பிறகு எப்போது? உள்நாட்டுப் போரிலே, யூரியாட்டின் நூலகத்திலே. எதிரணியினரே, பிரித்தது புரட்சி என்றால் சேர்த்தது எது? கல்யாணத் தரகரையே கொலைகாரன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்தப் போர்க்கால மருத்துவமனையிலே அவர்கள் பிரிந்தார்களே, யார் பிரித்தது? யாரும் துப்பாக்கியை நீட்டவில்லை. வீட்டிலே டோனியா இருக்கிறாள் என்ற நினைவு பிரித்தது. வண்டி போகிறது, மேசையிலே சூரியகாந்திப் பூ இதழ் உதிர்க்கிறது. அந்தப் பிரிவு உயர்ந்த பிரிவு. மனமே பிரித்தது, மனத்துக்கு மரியாதை. பிறகு அதே மனம் சறுக்குகிறது. டோனியா வாரிகினோவிலே நிறைமாதமாக இருக்கிறாள். இவன் குதிரை மேல் ஏறி நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்புகிறான். அவ்வளவு படிப்பு ஆர்வம்! (சிரிப்பு)

டோனியாவைப் பற்றி எதிரணியிலே யாரும் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. அவளாக நடித்தவர் ஜெரால்டின் சாப்ளின். உலகத்தையே சிரிக்கவைத்த சார்லி சாப்ளினின் மகள். தந்தை சிரிக்கவைத்தார், மகள் இந்தப் படத்திலே நம் நெஞ்சை அறுத்துவிட்டாள். கணவனைக் காணோம் என்று தேடிக்கொண்டு யூரியாட்டினுக்குப் போகிறாள். லாராவைச் சந்திக்கிறாள். கண்டதும் விளங்கிவிடுகிறது. சண்டை போட்டாளா? தலைமுடியைப் பிடித்தாளா? இல்லை. கணவனுடைய தாய் விட்டுப்போன பாலலைக்கா வாத்தியத்தை அவளிடமே கொடுத்துவிட்டுப் போகிறாள். பிறகு ஒரு கடிதமும் அனுப்புகிறாள். அந்தக் கடிதத்திலே லாராவை நல்லவள் என்று எழுதுகிறாள். கண்ணகியும் மாதவியும் எதிரெதிரே சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் எத்தனை மேடையிலே கற்பனை செய்திருக்கிறோம்! ரஷ்யாவிலே அந்தக் காட்சி நடந்தேவிட்டது. காலம் அத்தனை கொடியதாக இருந்தும் ஒரு பெண்ணின் மனம் கொடியதாகவில்லையே. காலத்துக்கு எல்லாரையும் கெடுக்கிற சக்தி உண்டு என்றால் டோனியாவை ஏன் கெடுக்க முடியவில்லை? (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தலைவி ஓங்கி அடித்த ஒரு இடம் உண்டு. "யூரி திருந்தித்தானே வந்தான்! லாராவிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போதுதானே செம்படைக் கொரில்லாக்கள் வழிமறித்துக் கொண்டுபோனார்கள்?" உண்மை. மறுக்கவில்லை. கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். கோதுமை வயலிலே வெள்ளைப்படை என்று சுட்டுத் தள்ளிவிட்டு, கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். அதை எல்லாம் காண வைத்தார்கள். ஆனால் அம்மா, அவர்கள் பிரித்தது யூரியையும் டோனியாவையும். யூரியையும் லாராவையும் அதற்கு முன்னாலேயே யூரி பிரித்துவிட்டானே! நீங்களே சொன்னீர்களே, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான் என்று. உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறது, நான் என்ன செய்ய? (சிரிப்பு, கைதட்டல்)

பிறகு தப்பித்து, பனியிலே நடந்து நடந்து, மறுபடி லாராவிடம் வந்து சேர்கிறான். இருவரும் வாரிகினோ போகிறார்கள். வெளியே ஓநாய் ஊளையிடுகிறது, உள்ளே இவன் கவிதை எழுதுகிறான். அப்போது கொமரோவ்ஸ்கி வண்டியோடு வருகிறான். லாரா ஸ்ட்ரெல்னிகோவின் மனைவி, அவளுக்கு ஆபத்து, கிளம்புங்கள் என்கிறான். யூரி என்ன செய்தான்? அவளை ஏற்றி அனுப்புகிறான். பின்னால் வருகிறேன் என்கிறான். வரவில்லை. மாடிக்கு ஓடி, சன்னல் கண்ணாடியை உடைத்து, வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஐயா! கண்ணாடியை உடைக்கிற கை, வண்டியைப் பிடித்து ஏறியிருக்கக் கூடாதா? கொமரோவ்ஸ்கியோடு பயணம் செய்யத் தன்மானம் தடுத்தது. பெருமைக்குரிய தன்மானம்தான். ஆனால் அதற்குப் பெயர் புரட்சி இல்லை. அது மனசு. அவள் வயிற்றிலே அவன் குழந்தை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

(நடுவர் மணி அடிக்கிறார்.) முடித்துவிடுகிறேன் ஐயா. புரட்சியே மூன்று மணி நேரத்துக்கு மேலே ஓடுது, எனக்கு மூணு நிமிஷம் கொடுக்கக் கூடாதா? (சிரிப்பு)

இந்தக் கதையை எழுதிய பாஸ்டர்நாக்கின் கதை இந்தப் படத்தைவிடப் பெரிய கதை. நாவலைத் தன் நாட்டிலே அச்சிட மறுத்துவிட்டார்கள். 1957-இலே இத்தாலியிலே, மிலான் நகரத்திலே வெளிவந்தது. 1958 அக்டோபரிலே நோபல் பரிசு அறிவித்தார்கள். நான்கே நாளிலே, 27-ஆம் தேதி, அவருடைய எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது. அடுத்த இரண்டாவது நாள், பரிசே வேண்டாம் என்று அவரைச் சொல்லவைத்தார்கள். அப்படியும் விடவில்லை. 31-ஆம் தேதி மாஸ்கோ எழுத்தாளர்கள் கூடி, இவருடைய குடியுரிமையைப் பறியுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். லாராவுக்கு உயிர் கொடுத்தவர் என்று சொல்லப்படுகிற ஓல்கா இவின்ஸ்காயா அம்மையாரை 1949-இலேயே கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் கருவுற்றிருந்தார். சிறையிலே அந்தக் கரு கலைந்தது. 1960-இலே பாஸ்டர்நாக் இறந்தார். அதே ஆண்டு அந்த அம்மையாரை மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எதிரணியினர் இதைத்தான் 'காலத்தின் கொடுமை' என்பார்கள். நான் கேட்கிறேன். 1958-இலே அந்த மண்டபத்திலே தூக்கியது காலமா கையை? பாஸ்டர்நாக்கோடு தேநீர் குடித்த எழுத்தாளர்கள், அந்த நாவலைப் படித்தே பார்க்காதவர்கள், கை தூக்கினார்கள். பயந்திருக்கலாம், பொறாமையாக இருக்கலாம், பதவிக்காக இருக்கலாம். ஒவ்வொரு கைக்குக் கீழேயும் ஒரு மனசு இருந்தது. அதே நாட்டிலே 1988-இலே, மறுத்த அதே 'நோவி மிர்' பத்திரிகை அந்த நாவலை அச்சிட்டது. 1989-இலே அவர் மகன் ஸ்டாக்ஹோம் போய் அந்தப் பதக்கத்தை வாங்கினார். 1994-இலே ரஷ்ய மக்கள் இந்தப் படத்தைத் திரையிலே பார்த்தார்கள். எழுத்தாளர் சங்கமும் நீக்கத்தை 1987-இலே திரும்பப் பெற்றுக்கொண்டது. யார் திருத்தினார்கள்? மனிதர்கள்தான். காலம் செய்த தவறு என்றால் மனிதன் எப்படித் திருத்த முடியும்? மனிதன் செய்ததால்தான் மனிதனாலே திருத்த முடிந்தது.

நம் சிலப்பதிகாரத்திலே ஊழ் என்று ஒன்று பேசப்படுகிறது. பாண்டியன் அதன் மேல் பழி போட்டிருக்கலாம். பொற்கொல்லன் மேல் மட்டும் போட்டிருக்கலாம். போட்டானா? உண்மை தெரிந்ததும் குற்றம் என்னுடையது என்று சொல்லி, அரியணையிலிருந்து விழுந்தான். அதனால்தான் தவறு செய்தும் அவன் அரசன். 'காலம் அப்படி' என்று சொல்லித் தப்பிக்கிறவன் தவறே செய்யாவிட்டாலும் கொமரோவ்ஸ்கிதான். (கைதட்டல்)

இறுதியாக ஒன்று. படத்தின் கடைசிக் காட்சி. அணைக்கட்டிலே வேலை செய்கிற ஒரு பெண். யூரிக்கும் லாராவுக்கும் பிறந்த குழந்தையாக இருக்கலாம் என்று எவ்கிராஃப் அவளை விசாரிக்கிறான். நீ எப்படித் தொலைந்தாய் என்கிறான். தெரு பற்றி எரிந்தது, குண்டு வெடித்தது, ஓடினோம் என்கிறாள். அவன் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறான். கடைசியிலே அந்தப் பெண் அழுதுகொண்டே சொல்கிறாள், அப்பா என் கையை விட்டுவிட்டார் என்று. அவன் உன் அப்பன் இல்லை, கொமரோவ்ஸ்கி என்கிறான் எவ்கிராஃப்.

நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமண்டபத்துக்குத் தீர்ப்பு அங்கேயே இருக்கிறது. எதிரணியினர் தெரு எரிந்ததைச் சொல்கிறார்கள். எரிந்தது, மறுக்கவில்லை. அந்தக் குழந்தை பல வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் எரிகிற தெருவிலே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய பெற்றோர் எத்தனை ஆயிரம் பேர்! நெருப்பு எல்லாருக்கும் பொது. கையை விட்டது ஒருவன்தான். தெருவைப் பழி சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்காது. விட்டது யார் கை என்று கேட்டால்தான் கிடைக்கும்.

ஆகவே யூரியையும் லாராவையும், லாராவையும் அவள் மகளையும் பிரித்தது மனித மனமே, மனித மனமே என்று அடித்துச் சொல்லி, நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)